நாளைய உயர்வை இன்றே விற்பவர்கள்

கடைத் தெருவிலே விற்கப்படும் பொருள்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவன. அரிசியை அளந்து பார்க்கலாம். புடைவையை விரித்துப் பார்க்கலாம். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் மனிதன் நெடுங்காலமாக விற்று வருகிறான். அதுதான் உரிமை. காணியொன்றை வாங்க விரும்பும் ஒருவர், முழுப் பணமும் தம் கைக்கு வரும்வரை அதனை வேறு எவருக்கும் விற்காதிருக்கும்படி சொந்தக்காரருக்கு ஒரு தொகையைக் கொடுத்து வைக்கிறார். அச்சாரம் என்று நாம் வழங்குவது இதனையே. அத்தொகையை வாங்கிய கணத்திலிருந்து சொந்தக்காரரின் கை கட்டப்பட்டுவிடுகிறது. நாளைக்கே அக்காணியின் அருகால் பெருந்தெரு திறக்கப்பட்டு, விலை இரு மடங்கானாலும், பேசிய விலைக்கே அவர் உறுதி எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

இதனையொத்த ஓர் ஏற்பாடுதான் அமெரிக்காவின் பங்குச் சந்தையிலே 'கோல் ஒப்ஷன்' என்னும் பெயரோடு நாள்தோறும் கைமாறுகிறது. குறித்த ஒரு பங்கினை, குறித்த விலைக்கு, குறித்த தவணைக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. வாங்குபவர் உரிமை பெறுகிறார். வாங்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கில்லை. விற்பவரோ கட்டணம் பெறுகிறார். அதற்கு ஈடாகக் கட்டாயத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர்க்கும் இச்சந்தையின் கதவு திறந்தே கிடக்கிறது. கைப்பேசியிலே இரண்டு மூன்று முறை விரலால் தொட்டால் போதும். உரிமை விற்பனையாகிவிடும், பணமும் கணக்கில் ஏறிவிடும். எனவே, அப்பணத்திற்காக மனிதர் எதனை விற்கின்றனர் என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் குடும்பங்களுக்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

ஞானியும் செக்குக்காரரும்

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் முதற் பகுதியிலே ஒரு கதை சொல்கிறார். மிலேட்டஸ் நகரிலே தேல்ஸ் என்றொரு ஞானி வாழ்ந்தார். அவர் வறியவர். 'உன் ஞானத்தால் என்ன பயன்?' என்று ஊரார் எள்ளினர். வான சாத்திரம் வல்ல தேல்ஸ், வரும் ஆண்டிலே ஒலிவ விளைச்சல் மிகுதியாகும் என்பதைக் குளிர்காலத்திலேயே கண்டுகொண்டார். கையிலிருந்த சிறு பணத்தை மிலேட்டஸ், கியோஸ் ஆகிய இடங்களிலிருந்த எண்ணெய்ச் செக்குகள் அனைத்துக்கும் அச்சாரமாகக் கொடுத்தார். போட்டியிட எவருமில்லாமையால் அவை குறைந்த தொகைக்கே கிடைத்தன. அறுவடைக் காலம் வந்தது. எல்லோருக்கும் ஒரே வேளையில் செக்குகள் தேவைப்பட்டன. தேல்ஸ் தாம் விரும்பிய வாடகைக்கு அவற்றை விட்டுப் பெரும் பணம் ஈட்டினார்.

ஞானி விரும்பினால் செல்வனாகலாம், ஆனால் அவன் நாட்டம் அதுவன்று என்பதைக் காட்டவே இக்கதை சொல்லப்படுகிறது. ஆயினும், இக்கதையில் வேறொரு சாராரும் இருக்கின்றனர். அவர்கள் செக்குக்குச் சொந்தக்காரர்கள். குளிர்காலத்திலே சும்மா கிடந்த செக்குக்கு யாரோ பணம் தருகிறார் என்று மகிழ்ந்து வாங்கியவர்கள். அறுவடைக் காலத்திலே தம் சொந்தச் செக்குகள் இராப்பகலாய்ச் சுழல்வதையும், அதன் வருமானம் வேறொருவர் மடியில் விழுவதையும் பார்த்து நின்றவர்கள். அவர்கள் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. இன்று கோல் ஒப்ஷன் விற்பவர் நிற்கும் இடம் அந்தச் செக்குக்காரர் நின்ற இடமே.

சிக்காகோவில் திறந்த சந்தை

பங்குகளின் மேல் உரிமை விற்கும் வழக்கம் அமெரிக்காவிலே முன்னரே இருந்தது. ஆனால் அது தரகர்கள் ஆளுக்கு ஆள் பேசி முடிக்கும் காரியமாகவே இருந்தது. 1973ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் திகதியன்று சிக்காகோ நகரிலே இதற்கென ஒரு தனிச் சந்தை திறக்கப்பட்டது. தானிய வியாபாரத்துக்குப் பேர்பெற்ற பழைய சந்தைக் கட்டிடத்தின் ஓர் அறையில் அது தொடங்கிற்று. முதல் நாளில் 16 கம்பனிகளின் பங்குகள் மேலான கோல் ஒப்ஷன்களே விற்கப்பட்டன. கைமாறியவை 911 ஒப்பந்தங்கள் மட்டுமே. விலை இறங்குவதைக் கருதி வாங்கும் 'புட் ஒப்ஷன்' 1977ஆம் ஆண்டிலேயே அங்கு நுழைந்தது.

இச்சந்தையின் விதிகள் எளியவை. ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளைக் குறிக்கும். தவணை நாளும் குறித்த விலையும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். விற்பவர் இன்னார், வாங்குபவர் இன்னார் என்று ஒருவரையொருவர் அறியார். நடுவிலே ஒரு தீர்வு நிலையம் நின்று இருபாலார்க்கும் பொறுப்பேற்கும். பங்கின் மேலான உரிமையை வாங்கியவர் தவணை முடியுமுன் எந்நாளிலும் அதனைப் பிரயோகிக்கலாம். அவ்வாறு பிரயோகிக்கப்படும்போது, விற்றவர்களுள் யார் பங்கைக் கொடுப்பது என்பது குலுக்கல் முறை போலவே தீர்மானிக்கப்படும்.

அதே 1973ஆம் ஆண்டிலேதான் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் என்னும் இருவர், இத்தகைய உரிமைக்கு நியாயமான விலை எவ்வளவு என்று கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டனர். றொபேர்ட் மேர்ட்டன் அதனை மேலும் வளர்த்தார். 1997ஆம் ஆண்டில் ஷோல்ஸுக்கும் மேர்ட்டனுக்கும் பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பிளாக் 1995இலேயே காலமாகிவிட்டார்.

அந்தச் சூத்திரத்திலே மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டிய ஓர் உண்மையுண்டு. உரிமைக் கட்டணம் பங்கின் இன்றைய விலை, குறித்த விலை, தவணைக் காலம், வட்டி ஆகியவற்றோடு நின்றுவிடுவதில்லை. அப்பங்கின் விலை எவ்வளவு தூரம் துள்ளிக் குதிக்கக்கூடியது என்பதையும் பொறுத்திருக்கிறது. அசையாமற் கிடக்கும் பங்குக்கு அற்பக் கட்டணம்; துள்ளும் பங்குக்குக் கொழுத்த கட்டணம். வேகமாக ஏறும் தொழில்நுட்பப் பங்குகளின் மேல் உரிமை விற்க மனிதர் ஆசைப்படுவது இக்கொழுத்த கட்டணத்தைக் கண்டே. ஆனால் சந்தை எவருக்கும் இனாம் கொடுப்பதில்லை. கட்டணம் கொழுத்திருப்பதற்குக் காரணம், விற்பவர் ஏற்கும் ஆபத்தும் கொழுத்திருப்பதேயாகும்.

ஒரே நாளில் 74 டொலர்

இவ்வுண்மைக்கு உதாரணமாக ஒரு கம்பனியின் கதையைப் பார்ப்போம். என்விடியா என்னும் அமெரிக்கக் கம்பனி 1993ஆம் ஆண்டில் ஜென்சன் ஹுவாங் முதலிய மூவரால் தொடங்கப்பட்டது. கணினி விளையாட்டுகளில் வரும் படங்களை விரைந்து தீட்டும் சில்லுகளைச் செய்வதே அதன் தொழிலாக இருந்தது. பல கணக்குகளை ஒரே வேளையில் செய்யவல்ல அச்சில்லுகளே செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைப் பயிற்றுவதற்கும் ஏற்றவை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2022 நவம்பர் 30ஆம் திகதி 'சட் ஜி.பி.ரி.' வெளியாகியதன் பின், பெருங் கம்பனிகள் யாவும் அவற்றைத் தேடி ஓடின.

2023 மே 24ஆம் திகதி, சந்தை மூடியபோது அதன் பங்கொன்றின் விலை 305 டொலர் 38 சதம். அன்று மாலை கம்பனி தன் கணக்கை வெளியிட்டது. அடுத்த மூன்று மாதத்துக்கான விற்பனை 700 கோடி டொலருக்குச் சற்று மேலாக இருக்கும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்திருந்தனர். கம்பனியோ 1,100 கோடி டொலர் என்று அறிவித்தது. மறுநாள் சந்தை மூடும்போது விலை 379 டொலர் 80 சதம். ஒரே நாளில் 74 டொலருக்கு மேல், அதாவது நூற்றுக்கு 24 வீதம், உயர்ந்துவிட்டது.

இப்போது இருவரைக் கற்பனை செய்து கொள்வோம். முதலாமவரிடம் அக்கம்பனியின் 100 பங்குகள் இருக்கின்றன. மே 24ஆம் திகதி பகலில் அவர், ஒரு மாதத்துக்குள் 320 டொலர் விலைக்கு அவற்றை வாங்கும் உரிமையை விற்கிறார். கட்டணம் பங்குக்கு 10 டொலர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 1,000 டொலர் வருகிறது. இரண்டாமவரிடம் ஒரு பங்கேனும் இல்லை. ஆயினும் அவரும் அதே உரிமையை அதே கட்டணத்துக்கு விற்கிறார். தரகரிடம் பிணைப்பணம் கட்டி வைத்தால் இதுவும் அங்கு அனுமதிக்கப்படுகிறது. 'இன்னும் ஒரு மாதத்தில் 320க்கு மேல் போகவா போகிறது?' என்பதே இருவரின் எண்ணமும்.

தவணை நாளிலும் விலை 379 டொலர் 80 சதத்திலேயே நின்றதாகக் கொள்வோம். முதலாமவர் தம் பங்குகளை 320 டொலர் வீதம் கொடுத்துவிட வேண்டும். 32,000 டொலரும் முன்பு பெற்ற 1,000 டொலரும் சேர்ந்து 33,000. விற்காதிருந்தால் அவர் கையில் 37,980 டொலர் பெறுமதியான பங்குகள் இருந்திருக்கும். அவர் இழந்தது 4,980 டொலர். இரண்டாமவரோ 379 டொலர் 80 சதத்துக்குச் சந்தையில் வாங்கி 320க்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தைக் கழித்தால் அவருக்கு ஏற்பட்ட நட்டமும் அதே 4,980 டொலர்.

தொகை ஒன்றே, ஆனால் பொருள் வேறு. முதலாமவருக்கு அது வராமற் போன இலாபம். உண்மையில் முந்திய நாள் விலையோடு ஒப்பிட்டால் அவருக்கு 2,462 டொலர் ஆதாயமே கிடைத்திருக்கிறது. அவர் வீட்டிலே அடுப்பு எரியும். மனம் மட்டுமே எரியும். இரண்டாமவருக்கு அது கொடுத்தே தீரவேண்டிய கடன். விலை ஏற ஏறத் தரகர் மேலும் பிணைப்பணம் கேட்பார். கொடுக்க இயலாவிட்டால், அவரைக் கேளாமலே கணக்கை அந்த விலையில் தீர்த்துவிடுவார். பங்கின் விலை இறங்கினால் பூச்சியத்தோடு நின்றுவிடும். ஏறுவதற்கோ எல்லை இல்லை. எனவே வெறுங்கையோடு உரிமை விற்பவரின் நட்டத்துக்கும் எல்லை இல்லை. 1,000 டொலருக்காக எல்லையற்ற ஒன்றுக்குப் பிணை நிற்பது எவ்வளவு பேதைமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

தவணையைத் தள்ளிப் போடுதல்

கதை இத்துடன் முடிவதில்லை. முதலாமவர் தம் பங்குகளை விட்டுக்கொடுக்க மனமில்லாதவராயின், அவருக்கு ஒரு வழி சொல்லப்படும். விற்ற உரிமையைத் திரும்ப வாங்கிவிட்டு, மேலும் உயர்ந்த விலையில், மேலும் நீண்ட தவணைக்கு வேறொன்றை விற்பதே அவ்வழி. 10 டொலருக்கு விற்றதை இப்போது மீட்பதற்கு 60 டொலருக்கு மேல் வேண்டும். அதே அளவு பணம் கிடைக்கத்தக்கதாக, ஏறத்தாழ ஓராண்டுத் தவணையில், 400 டொலர் விலைக்குப் புதிய உரிமையை அவர் எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கடனைத் தீர்க்கப் புதிய கடன் வாங்கியது போலாயிற்று. கைக்கு ஒரு சதமும் புதிதாக வரவில்லை. கை மட்டும் இன்னும் ஓராண்டுக்குக் கட்டப்பட்டது.

அந்த ஓராண்டில் நடந்தது என்ன? 2023ஆம் ஆண்டின் இறுதியில் அப்பங்கு 495 டொலரில் நின்றது. 2024 ஜூன் 7ஆம் திகதி, ஒரு பங்கு பத்தாகப் பிரிக்கப்படுவதற்கு முந்திய கடைசி வியாபார நாளில், அதன் விலை 1,208 டொலர். 100 பங்குகளின் பெறுமதி 1,20,800 டொலர். நம் முதலாமவருக்கு உரியதோ 40,000 டொலரும், ஓராண்டுக்கு முன் பெற்ற அந்த 1,000 டொலருமே. ஒரு மாத வருமானமாகக் கருதி வாங்கிய 1,000 டொலர், ஒரு வீட்டின் விலைக்கு ஒப்பான உயர்வை மெல்ல மெல்ல விழுங்கிவிட்டது. முதல் தவணையிலேயே 'சொன்ன சொல் சொன்னதுதான்' என்று பங்குகளைக் கொடுத்துவிட்டு, அப்பணத்தைக் கொண்டு சந்தை விலையில் கிடைத்த அளவு பங்குகளை மீண்டும் வாங்கியிருந்தால், அவர் நிலை எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

இறங்கும்போது யார் தாங்குவது?

'ஏறினால் இழப்பு இருக்கட்டும். இறங்கினால் கட்டணமாவது மிஞ்சுமே' என்று சிலர் ஆறுதல் கொள்வர். மிஞ்சுவது உண்மைதான். ஆனால் எவ்வளவு மிஞ்சும்?

2000ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், இணையக் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பனி உலகிலேயே பெறுமதி மிகுந்த கம்பனியாகத் திகழ்ந்தது. அதன் பங்கின் விலை 80 டொலர். 2002 ஒக்டோபரில் அதே பங்கு 10 டொலருக்கும் கீழே விழுந்தது. 80 டொலர் பங்கின் மேல் 5 டொலர் கட்டணம் வாங்கியிருந்தவருக்கு, 70 டொலர் வீழ்ச்சியிலே அந்த 5 டொலர் எம்மாத்திரம்? பெருமழையிலே ஓலைத் துண்டைத் தலைக்குப் பிடித்தது போன்றது அது. மேலும், விலை விழுந்த பின் 80 டொலருக்கு வாங்கும் உரிமையை எவரும் பணம் கொடுத்து வாங்கமாட்டார். கட்டணம் வேண்டுமாயின் குறித்த விலையை 40, 30, 20 என்று தாழ்த்திக்கொண்டே போக வேண்டும். அவ்வேளையில் பங்கு திடீரென மேலெழுந்தால், அடிவிலையிலேயே அது கைவிட்டுப் போய்விடும். வீழ்ச்சி முழுவதையும் தாங்கியவருக்கு மீட்சியில் மட்டும் பங்கில்லை.

என்விடியாவும் இவ்விதிக்கு விலக்கன்று. 2025 ஜனவரி 27ஆம் திகதி, சீனாவின் 'டீப்சீக்' என்னும் நிறுவனம் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவை உருவாக்கியதாக எழுந்த செய்தியால், அப்பங்கு ஒரே நாளில் நூற்றுக்கு 17 வீதம் விழுந்தது. அன்றியும், உரிமையை விற்றவர் வீழ்ச்சியைக் கண்டு அஞ்சிப் பங்கை உடனே விற்றுவிடவும் இயலாது. முதலில் உரிமையை மீட்டாக வேண்டும். மீட்காமற் பங்கை விற்றால், அவர் மேலே கண்ட இரண்டாமவராக, வெறுங்கையராக மாறிவிடுவார்.

அப்படியாயின், விற்பதே தவறா?

அவ்வாறு முடிவு கட்டுதல் நீதியாகாது. கத்தி கறி நறுக்கவும் உதவும், கையை அறுக்கவும் உதவும். பங்கை விற்றுவிடுவது என்று ஏற்கெனவே தீர்மானித்த ஒருவர் இருக்கிறார். '320 டொலர் வந்தால் விற்பேன். மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கு அது போதும்' என்பது அவர் கணக்கு. அவர் அவ்விலைக்கு உரிமை விற்றால், தாம் எப்படியும் செய்யவிருந்ததற்கு மேலதிகக் கூலியும் பெறுகிறார். விலை 380 ஆனாலும் 480 ஆனாலும் அவர் உறக்கம் கெடாது. இன்னும், தம் செல்வம் முழுவதும் ஒரே கம்பனியில் அடைந்து கிடப்பதைக் கண்டு அஞ்சுபவர், அதில் ஒரு பகுதியின் மேல் மட்டும் உரிமை விற்றுச் சிறிது சிறிதாக வெளியேறலாம். பெரிய நிதி நிலையங்களும் இம்முறையைக் கையாளுகின்றன. இதன் பலனை அளப்பதற்கென்றே சிக்காகோச் சந்தை 2002ஆம் ஆண்டு முதல் ஒரு சுட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. சந்தை அசையாதிருக்கும் காலத்திலே அது முன்னிற்பதும், சந்தை பாய்ந்து ஏறும் ஆண்டுகளிலே பின்தங்குவதும் இம்முறையின் இயல்பே.

எனவே குற்றம் முறையில் இல்லை. அதனைத் தவறான பங்கிலும் தவறான மனநிலையிலும் கையாளுவதிலேயே இருக்கிறது. பத்தாண்டு வைத்திருக்கலாம் என்று நம்பி வாங்கிய பங்கின் மேல் ஒரு மாதக் கட்டணத்துக்கு ஆசைப்படுவது, பிள்ளைக்கென நட்ட பலாக் கன்றை விறகுக்கு விலை பேசுவதை ஒக்கும். ஒரு பங்கு வேகமாக ஏறுகிறதென்றால், அதன் சிறப்பு முழுவதும் எவரும் எதிர்பாராத அந்த ஒரு சில நாள்களிலேயே அடங்கியிருக்கிறது. உரிமை விற்பவர் விற்றுவிடுவது துல்லியமாக அந்த நாள்களையே. பல ஆண்டுகளுக்கு முன் குறைந்த விலைக்கு வாங்கிய பங்கு இவ்வாறு கைமாறும்போது, மூலதன ஆதாய வரியும் அவ்வாண்டிலேயே வந்து கதவைத் தட்டும் என்பதையும் அமெரிக்காவில் இருப்போர் மறக்கலாகாது.

ஆகவே, இவ்வாறான வருமானத்தைப் பற்றி யாரேனும் நம் வீட்டிலே ஆர்வத்தோடு பேசுவாராயின், கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டல் நன்று. கொடுக்க வேண்டிய பங்கு கையில் இருக்கிறதா? குறித்த விலைக்கு அதனைக் கொடுத்துவிட்டு முகம் வாடாமல் இருக்க மனம் ஒப்புமா? பங்கு பாதியாகக் குறைந்தாலும் குடும்பத்தின் சோற்றுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் குறைவு வராதா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் விற்கலாம். முதற் கேள்விக்கே 'இல்லை' என்று விடை வருமாயின், மற்ற இரண்டையும் கேட்கவும் தேவையில்லை.

அச்சாரம் வாங்கிய கைக்கு அதன்பின் வேறு பேச்சு இல்லை. மிலேட்டஸ் நகரத்துச் செக்குக்காரர் அறியாமல் ஏமாந்தனர். வரப்போகும் விளைச்சலை அவர்களுக்குச் சொல்வார் ஒருவருமிலர். இன்றைய செக்குக்காரருக்கு அத்தகைய குறையில்லை. விளைச்சல் பெருகலாம் என்பதைக் கட்டணத்தின் பருமனே அவருக்கு உரக்கச் சொல்லிவிடுகிறது. கேட்டுக்கொள்வது மட்டுமே அவர் பொறுப்பு.